லண்டன் கெட்டிலும் கிளாஸ்கோ குழாயும்

லண்டனுக்குப் போய் வந்தவர்கள் எதைப் பற்றி எழுதுவார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். அரண்மனை வாசலில் காவலர் மாறும் வேடிக்கை, தேம்ஸ் நதிப் பாலம், மியூஸியத்து மம்மி, மெழுகுப் பொம்மைகள் எல்லாவற்றையும் நானும் பார்த்தேன். ஆனால் ஊர் திரும்பியதும் பக்கத்து வீட்டு அம்மாள், "லண்டனில் முக்கியமாக என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டபோது என் வாயில் வந்த பதில், "கெட்டில்!" என்பதுதான். சிரிக்காதீர்கள். விஷயத்தைக் கேட்டால் உங்கள் வீட்டுக் கீஸரை நீங்களே ஒரு தடவை சந்தேகத்தோடு பார்ப்பீர்கள்.

என் பெண் பத்மா லண்டனில் ஈஸ்ட்ஹாம் என்ற பேட்டையில் குடியிருந்தாள். பேர்தான் லண்டனே தவிர, அங்கே ஹைஸ்ட்ரீட் நார்த் என்ற கடைத்தெருவில் நடந்தால் முருங்கைக்காயும் வெற்றிலையும் இட்லி அரிசியும் கண்ணில் படும். கோயிலுக்குப் போக வேண்டுமா? நடக்கிற தூரத்தில் முருகன் கோயில் இருக்கிறது. ஆகையால் முதல் நாள் எனக்கு ஊர் மாறின உணர்ச்சியே ஏற்படவில்லை. ஊர் மாறிவிட்டது என்று எனக்குச் சொன்னது மறுநாள் விடியற்காலையில் திறந்த கெட்டில்தான்.

மூடியைத் திறந்தேன். உள்ளே அடி தெரியவில்லை. சுவரில் வெள்ளையடித்தாற்போல் சுற்றிலும் சுண்ணாம்புக் காரை. கொதிக்க வைத்த தண்ணீரைத் தம்ளரில் ஊற்றினால் அதில் சிறு சிறு பொருக்குகள் மிதந்தன.

"பத்மா, இந்தக் கெட்டிலைத் தேய்த்து எத்தனை மாசம் ஆச்சு?" என்றேன்.

"போன ஞாயிற்றுக்கிழமைதானம்மா தேய்ச்சேன்!" என்றாள் அவள்.

நான் நம்பவில்லை. பெண்ணை வளர்த்த லட்சணம் இவ்வளவுதானா என்று என்னையே நொந்துகொண்டேன். கையில் குழந்தை, ஏழே மாதம். பாவம், அவளுக்கு எங்கே பொழுது இருக்கிறது என்று சமாதானமும் சொல்லிக்கொண்டேன். ஒரு வாரம் அந்த வீட்டில் சமைத்த பிறகுதான் குற்றம் பெண்ணிடம் இல்லை, குழாயில் இருக்கிறது என்பது புரிந்தது.

துவரம்பருப்பைக் குக்கரில் வைத்தால் வழக்கத்தைவிட இரண்டு விசில் கூடவே கேட்டது. அப்படியும் மசித்தால் முத்து முத்தாக நின்றது. சலவை ஸோப்பைத் துணியில் தேய்த்தால் நுரைக்குப் பதில் தயிர் திரிந்தாற்போல் ஏதோ மிதந்தது. ஷவர் தட்டில் பாதித் துளைகள் அடைத்து, தண்ணீர் கோணல்மாணலாகப் பீச்சியடித்தது. மாப்பிள்ளை பால் விடாமல் டீ குடிப்பவர். அந்த டீயின் மேல் பழுப்பாக ஓர் ஆடை படர்ந்து, உறிஞ்சினால் கோப்பையின் விளிம்பில் ஒட்டிக்கொண்டது. இந்த டீ ஆடையைப் பற்றிக்கூட அந்த ஊரில் ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். லண்டன் இம்பீரியல் காலேஜைச் சேர்ந்த மைக்கேல் ஸ்பைரோ என்ற ரஸாயன நிபுணரும் அவருடைய சகாவும் 1993-ஆம் ஆண்டில் அதைப் பற்றி 'நேச்சர்' என்ற பிரசித்தமான விஞ்ஞானப் பத்திரிகையில் எழுதினார்கள். தண்ணீரிலுள்ள சுண்ணாம்பும் தேயிலைச் சத்தும் காற்றுப் பட்டுக் கூடிக்கொள்வதுதான் ஆடையாம். ஒரு சொட்டு எலுமிச்சம்பழச் சாறு விட்டால் மறைந்துவிடும். மாப்பிள்ளைக்கு விட்டுப் பார்த்தேன். மறைந்தது.

இத்தனைக்கும் சிகரம் வைத்தாற்போல், நான் போன பத்தாவது நாள் வாஷிங் மெஷின் நின்றுவிட்டது. குழந்தை இருக்கிற வீட்டில் வாஷிங் மெஷின் நின்றால் என்ன ஆகும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரிப்பேர்காரர் வந்து பின்பக்கத்தைக் கழற்றி ஒரு சுருளை வெளியே எடுத்தார். அந்த ஊர் மெஷின்கள் பச்சைத் தண்ணீரை உள்ளே இழுத்துத் தாமே சூடு செய்துகொள்பவை. சூடேற்றும் சுருள் விரல் பருமன்கூட இராது. இதுவோ, ஐப்பசி மழையில் பாசி பிடித்த கொம்புபோல் வெள்ளை வெள்ளையாகத் தடித்திருந்தது.

"காரை பிடித்துவிட்டால் சூடு தண்ணீருக்குப் போகாது, அத்தை. சுருளுக்குள்ளேயே தங்கிவிடும். கடைசியில் சுருளே எரிந்துபோகும்," என்று மாப்பிள்ளை விளக்கினார். "அதுவரைக்கும் கரண்ட் பில்லும் ஏறிக்கொண்டே இருக்கும்."

"இது எத்தனையாவது சுருள்?" என்று கேட்டேன்.

"நாலு வருஷத்தில் இரண்டாவது," என்றாள் பத்மா. ரிப்பேர்காரருக்கு எண்ணிக் கொடுத்த பவுன்களை நான் ரூபாயில் பெருக்கிப் பார்த்து, பெருக்கியதைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை என்னை டோவருக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலையில் கடலைப் பார்த்து நிற்கும் வெள்ளைச் செங்குத்துப் பாறைகளைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். சில இடங்களில் 350 அடி உயரம். நேரில் பார்த்தால் யாரோ மலையைக் கத்தியால் வெட்டி, வெட்டு வாயில் சுண்ணாம்பு பூசிவிட்டாற்போல் இருக்கிறது. பூச்சு அல்ல, மலை முழுக்கவே சுண்ணாம்புதான். கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் அங்கே கடல் இருந்தபோது அதில் மிதந்த, கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்களின் ஓடுகள் அடியில் படிந்து படிந்து பாறையானதாம். கீழே கிடந்த ஒரு துண்டை எடுத்துத் தேய்த்தேன். விரலெல்லாம் வெள்ளை. இந்தப் பொடியை நான் எங்கே பார்த்திருக்கிறேன் என்று யோசித்தேன். வேறெங்கே? ஈஸ்ட்ஹாம் கெட்டிலில்தான்!

தமாஷுக்குச் சொல்லவில்லை. அதே சுண்ணாம்புப் பாறைதான் தென்கிழக்கு இங்கிலாந்து முழுவதும் குன்றாக எழும்பியும், லண்டன் நகரத்துக்கு அடியில் மண்ணுக்குள் புதைந்தும் கிடக்கிறது. தேம்ஸ் நதி பிறப்பதே காட்ஸ்வோல்ட் என்ற சுண்ணாம்புக்கல் குன்றுகளில். மழைத் தண்ணீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு லேசான புளிப்போடு பாறைக்குள் இறங்குகிறது. இறங்குகிற வழியில் சுண்ணாம்பைக் கரைத்து எடுத்துக்கொள்கிறது. பார்க்கப் பளிங்குபோல் இருக்கும், ஒன்றும் தெரியாது. சூடு காட்டினோமோ இல்லையோ, வாயு பறந்துவிடும். வாங்கின சுண்ணாம்பைத் தண்ணீர் திருப்பிக் கீழே போட்டுவிடும். அது விழுகிற இடம் கெட்டிலின் அடி, கீஸர் சுருள், இஸ்திரிப் பெட்டியின் நீராவித் துளை.

இதை அளந்து சொல்வதற்குக் கணக்கு உண்டு. பத்மாவின் வீட்டுத் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 260 மில்லிகிராம் என்று போட்டிருந்தது. கால் கிராம்தானே என்று தோன்றும். ஒரு குடும்பம் நாளைக்கு 400 லிட்டர் தண்ணீர் செலவழிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 100 கிராம் ஆயிற்று. வருஷத்துக்கு 36 கிலோ! பெரும் பங்கு கரைந்தபடியே சாக்கடைக்குப் போய்விடுகிறது, நல்ல வேளையாக. நம் நாட்டில் குடிதண்ணீருக்கு 200 வரை இருக்கலாம், வேறு வழி இல்லாவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று தர நிர்ணயம் சொல்கிறது. ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தால் வருகிற காகிதத்தில் 'மொத்தக் கடினத்தன்மை' என்று ஒரு வரி இருக்கும். அதைத்தான் பார்க்க வேண்டும். கடின நீரைக் குடிப்பதால் உடம்புக்குக் கெடுதல் என்று பயப்பட வேண்டாம். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் உடம்பு கேட்கிற சத்துக்கள்தாம். கஷ்டமெல்லாம் பாத்திரத்துக்கும் மெஷினுக்கும் நம் பணப்பைக்கும்தான்.

பருப்பு வேகாததற்கும் அதுவே காரணம். பருப்பின் அணுக்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பெக்டின் என்ற பசையைக் கால்சியம் இறுக்கிவிடுகிறது. ஒரு சிட்டிகை ஆப்பச்சோடா போட்டால் வெந்துவிடும். ஆனால் அதோடு கொஞ்சம் சத்தும் போகும். நான் கண்ட வழி வேறு. தண்ணீரை முதலில் நன்றாகக் கொதிக்க வைத்து, தெளிய விட்டு, மேலாக இறுத்து, அதில் பருப்பைப் போட்டேன். சுண்ணாம்பில் ஒரு பங்கு முதல் பாத்திரத்திலேயே தங்கிவிட்டபடியால் பருப்பு மசிந்தது. "இத்தனை நாள் இது எனக்குத் தோணலையே!" என்றாள் பத்மா. ஒரு வாரத்துக்குப் பிறகு முதன்முதலாக எனக்கு மதிப்பு ஏற்பட்டது.

அந்த மதிப்பை நான் காப்பாற்றிக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பித்தளைப் பாத்திரத்துக்குப் புளி போடுகிறோமே, கெட்டிலுக்கு ஏன் போடக்கூடாது என்று ஓர் எலுமிச்சையளவு புளியைக் கரைத்து ஊற்றி இரவு முழுக்க ஊற வைத்தேன். காரை பாதி போயிற்று. புளி வாசனை முழுக்கத் தங்கிவிட்டது. மறுநாள் மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. பாதி டீயைக் குடித்துவிட்டு, "அத்தை, ரஸம் நன்றாக இருக்கிறது," என்றார்!

பிறகு தமிழ்க் கடையிலேயே சிட்ரிக் ஆஸிட் வாங்கி வந்தோம். அரைக் கெட்டில் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மேஜைக் கரண்டி. ஸோடா உடைத்தாற்போல் பொங்கும்; அரை மணியில் அடி பளபளக்கும். கழுவி ஊற்றி, ஒரு தடவை வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொட்டிவிட்டால் வாசனையும் இல்லை. வினிகரும் இதைச் செய்யும். ஆனால் ஒன்று: குளியலறை கழுவும் பிளீச்சிங் திரவத்தோடு இந்தப் புளிப்புச் சாமான்கள் எதையும் சேர்த்துவிடாதீர்கள். விஷ வாயு கிளம்பும்.

தண்ணீரையே மெதுவாக்கிக் கொடுக்கும் மெஷின் வைத்துக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளை யோசித்துக்கொண்டிருந்தார். அது சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டு பதிலுக்கு ஸோடியத்தைத் தண்ணீரில் விடும். அவ்வப்போது உப்புப் போட்டு அதைப் புதுப்பிக்க வேண்டும். குடிப்பதற்கும், முக்கியமாகக் குழந்தையின் பால் மாவு கரைப்பதற்கும், அந்தத் தண்ணீர் வராத தனிக் குழாய் இருப்பதே நல்லது என்கிறார்கள். சுண்ணாம்பை எடுக்க இன்னொரு பழைய வழியும் உண்டு. கேட்டால் விநோதமாக இருக்கும். தண்ணீரில் சுண்ணாம்பையே போடுவது! போட்ட சுண்ணாம்பு, இருக்கிற சுண்ணாம்பையும் சேர்த்துக்கொண்டு அடியில் படிந்துவிடும். இதற்கு 1841-ல் காப்புரிமை வாங்கிய தாமஸ் கிளார்க் என்பவர் ஸ்காட்லாந்தில் அபர்தீன் நகரத்து ரஸாயனப் பேராசிரியர். ஸோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எப்போது நுரை நிற்கிறது என்று பார்த்துத் தண்ணீரின் கடினத்தை அளக்கும் முறையும் அவருடையதுதான். நம் பாட்டிமார்கள் கிணற்றங்கரையில் கையாலே செய்த சோதனையை அந்த மனிதர் கண்ணாடிக் குப்பியில் செய்தார்.

மெஷின் வாங்கும் யோசனைக்கு அவசியமில்லாமல் போயிற்று. மாப்பிள்ளைக்குக் கிளாஸ்கோவுக்கு மாற்றல் வந்தது. ஸ்காட்லாந்தின் பெரிய நகரம் அது. "அங்கே தண்ணீர் இதில் பத்தில் ஒரு பங்குதான் கடினமாம்!" என்று பத்மா குதித்தாள். வேறு பெண்கள் மாற்றல் என்றால் வீடு எப்படி, கடை எத்தனை தூரம் என்று கேட்பார்கள். இவளுக்குத் தண்ணீர்க் கவலை! நானும் கூடப் போய்க் குடித்தனம் வைத்துக் கொடுப்பது என்று ஏற்பாடாயிற்று.

லண்டன் யூஸ்டன் ஸ்டேஷனில் ஏறினால் ஏறக்குறைய 400 மைல். ஐந்து மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். வயலும் வேலியும் போய், ஆட்டு மந்தைகள் மேயும் மொட்டை மலைகள் வந்தன. மழையும் வந்தது. கிளாஸ்கோவில் இறங்கும்போதும் மழை. அடுத்த ஒன்பது நாளில் ஏழு நாள் மழை. தண்ணீர் மெதுவாக இருப்பதன் ரகசியம் அதிலேயே பாதி இருக்கிறது.

பத்மா பிடித்திருந்த வீடு டெனிஸ்டவுன் என்ற பகுதியில், மணற்கல்லால் கட்டிய நாலடுக்குக் கட்டடத்தில் இருந்தது. ஒரே படிக்கட்டு, எட்டுக் குடித்தனம். நம் ஸ்டோர் வீடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் எப்படியோ அப்படி. நூறு வயசுக்கு மேலான கட்டடம் என்றாலும் உள்ளே உயரமான கூரை, பெரிய ஜன்னல். எனக்குப் பிடித்துவிட்டது.

முதல் நாளே ஒரு கூத்து நடந்தது. பத்மா லண்டன் அளவிலேயே சலவைத் தூளைப் போட்டு மெஷினை ஓட்டினாள். நுரையென்றால் நுரை, அப்படி ஒரு நுரை! சோப்புத் தூள் பெட்டி வைக்கிற வாய் வழியாகப் பொங்கித் தரையில் வழிந்தது. குழந்தை கை தட்டிற்று. சலவைத்தூள் அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் கடின நீருக்கு இத்தனை, மென்னீருக்கு இத்தனை என்று அச்சடித்தே இருக்கிறது. யார் படிக்கிறோம்? குளிக்கும்போதும் அப்படித்தான். ஸோப் போகவே போகாதோ என்று சந்தேகம் வரும்படி உடம்பு வழுவழுவென்றே இருந்தது. பருப்போ, சொன்னால் கண் பட்டுவிடும், மூன்றாவது விசிலில் கரைந்துவிட்டது. காப்பிக்கும் டிக்காக்ஷன் புதுத் தினுசாக இறங்கியது. அன்று இரவு சமையலறையில் நின்றுகொண்டு பத்மா, "அம்மா, இனிமேல் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை!" என்றாள்.

இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க மறுவாரம் லாக் காட்ரின் ஏரிக்குப் போனோம். நகரத்துக்கு வடக்கே, மலைகளுக்கு நடுவே, நீளமாக வளைந்து கிடக்கிறது. கரையோரம் ஓக் மரங்களும் பிர்ச் மரங்களும். எதிரே மலைமேல் மேகம் இறங்கிப் பாதி மலையை மறைத்துக்கொண்டிருந்தது. ஸர் வால்டர் ஸ்காட் 1810-ல் எழுதிய 'ஏரிக் கன்னி' என்ற காவியத்துக்கு இதுதான் களம். அவர் பெயரையே வைத்த ஒரு பழைய நீராவிக் கப்பலும் உண்டு. 1900-ஆம் ஆண்டில் இந்த ஏரியில் ஓடத் தொடங்கியது. கரையில் இருந்த கல்லை எடுத்து டோவரில் செய்ததுபோல் விரலால் தேய்த்துப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. கெட்டியான பழம்பாறை. எத்தனை மழை பெய்தாலும் அதிலிருந்து கரைவதற்கு அதிகம் கிடையாது. வானத்திலிருந்து விழுந்த தண்ணீர் ஏறக்குறைய விழுந்தபடியே ஏரிக்கு வந்து சேருகிறது.

இந்தத் தண்ணீரைக் கிளாஸ்கோ சும்மா கொண்டுபோகவில்லை. 1832-லும் 1848, 1849-லும் மறுபடி 1853, 1854-லும் அந்த நகரத்தில் காலரா புகுந்து ஆயிரக்கணக்கானவர்களை வாரிக்கொண்டு போயிற்று. ஏழைகள் அழுக்குக் கிணற்றையும் ஆற்றையும் நம்பியிருந்த காலம். ஜான் பிரடெரிக் பேட்மன் என்ற எஞ்சினீயர் மலைகளைக் குடைந்தும் பள்ளங்களில் குழாய் போட்டும் 26 மைல் தூரம் கால்வாய் அமைத்தார். பம்பு கிடையாது, சரிவிலேயே தண்ணீர் ஓடி வர வேண்டும். மைலுக்கு 10 அங்குலம்தான் சரிவு! 1859 அக்டோபர் 14-ஆம் தேதி விக்டோரியா மகாராணி வந்து மதகைத் திறந்து வைத்தார். நன்றியின் அடையாளமாக நகரத்திலே கெல்வின்குரோவ் பூங்காவில் 1872-ல் ஒரு நீரூற்று எழுப்பினார்கள். அதன் உச்சியில் ஏரிக் கன்னி நிற்கிறாள். அதையும் போய்ப் பார்த்து வந்தோம்.

அந்தப் பூங்காவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் பக்கத்திலிருந்த ஒரு பாட்டியம்மாள் குழந்தையைக் கொஞ்சிவிட்டு, எந்தப் பேட்டையில் வீடு, எத்தனை வயசுக் கட்டடம் என்றெல்லாம் விசாரித்தாள். பத்மா சொன்னாள். பாட்டியம்மாள், "உங்கள் வீட்டுக் குழாய் ஈயமா என்று பார்த்துவிட்டீர்களா?" என்று கேட்டாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. ஈயம் என்றால் நமக்கு ரஸம் வைக்கிற சொம்புதானே ஞாபகம் வரும்? அது வெள்ளீயம். இவள் சொன்னது காரீயம். அந்த நாளில் தண்ணீர்க் குழாயெல்லாம் காரீயத்தில்தான் செய்தார்கள். குழாய் வேலைக்காரருக்குப் 'பிளம்பர்' என்ற பேரே 'பிளம்பம்' என்று லத்தீனில் காரீயத்துக்கு வழங்கும் சொல்லிலிருந்து வந்தது. லண்டன் மாதிரி கடினத் தண்ணீர் அந்தக் குழாய்க்குள் ஓடினால் உள்சுவரில் சுண்ணாம்பு படிந்து ஓரளவுக்கு ஒரு போர்வை போலக் காக்கும். மென்னீருக்குத்தான் கையில் ஒன்றும் இல்லையே! அது குழாயையே அரித்து எடுத்துக்கொள்கிறது. ஏரித் தண்ணீரைக் கொண்டு வரும்போதே ரஸாயன நிபுணர்கள் சிலர் இதைச் சொல்லி எச்சரித்திருக்கிறார்கள். காலராவுக்குப் பயந்த ஊர் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? நூறு வருஷத்துக்கு மேல் கழித்து, 1978-லிருந்து தண்ணீரில் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்து அதன் புளிப்பைக் குறைத்தார்கள். 1989-லிருந்து ஒரு பாஸ்பேட் உப்பையும் சேர்த்து, குழாய்க்குள் மெல்லிய தோல் பிடிக்கும்படி செய்தார்கள். ஆனாலும் பழைய குழாய் இருக்கிற வீட்டில் சந்தேகம் சந்தேகம்தான். காரீயத்தில் இவ்வளவு வரை பாதகமில்லை என்று சொல்ல ஓர் அளவு கிடையாது. குழந்தைகளுடைய மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் தொடும்.

வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தோமோ தெரியாது. மாப்பிள்ளை கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறைத் தொட்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு டார்ச் அடித்தார். சுவரிலிருந்து வருகிற குழாய் மங்கிய சாம்பல் நிறத்தில் இருந்தது. இணைப்பில் முண்டுபோல் வீங்கியிருந்தது. ஒரு நாணயத்தால் சுரண்டினார். வெள்ளிபோல் பளிச்சென்றது. செம்பாக இருந்தால் சிவப்பாகத் தெரியும். இரும்பானால் அவ்வளவு சுலபமாகச் சுரண்ட வராது. மூன்று பேரும் ஒன்றும் பேசவில்லை. அடுப்பு மேடையில் குழந்தையின் பால் புட்டி இருந்தது.

"கொதிக்க வைத்துத்தானே கொடுத்தோம்?" என்றாள் பத்மா கடைசியில்.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும்; காரீயம் போகாது. தண்ணீர் வற்றுகிற அளவுக்குச் சற்று அதிகமாகவேதான் தங்கும். இதை மாப்பிள்ளை சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து நானே படித்துத் தெரிந்துகொண்டேன். அன்றிரவு அவர் சொல்லாததற்கு அவரிடம் எனக்கு மரியாதை கூடியது.

மறுநாளே தண்ணீர் இலாகாவுக்கு எழுதினார்கள். இரவு முழுக்கக் குழாயில் தேங்கிய முதல் தண்ணீரைப் புட்டியில் பிடித்துக் கொடுக்க வேண்டும். அனுமதித்த அளவு 2013 முடிவிலிருந்து லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். ஒரு கிராமை லட்சம் பங்காகப் பிரித்து அதில் ஒரு பங்கு எடுத்த கணக்கு. பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோகிராம். பத்மா வீட்டுத் தண்ணீரில் 17 வந்தது. குழந்தையை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தப் பரிசோதனை செய்தார்கள். அந்தச் சிறு கையில் ஊசி குத்தும்போது நான் வெளியே வந்து நின்றுவிட்டேன். முடிவு வர ஒரு வாரம் ஆயிற்று. அந்த ஒரு வாரத்தைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. வந்தது சரியாக வந்தது. அந்த வீட்டுக்கு வந்து மூன்றே வாரம் என்பதுதான் காரணமாக இருக்கலாம்.

குழாயை மாற்றுவதோ சுலபத்தில் நடக்கவில்லை. தெருவிலுள்ள குழாய் இலாகாவுடையது, கட்டடத்துக்குள் இருப்பது சொந்தக்காரர்களுடையது. எட்டு வீட்டுக்கும் ஒரே குழாய் என்பதால் எட்டுப் பேரும் பணம் போட வேண்டும். ஒருவர் ஊரில் இல்லை, இன்னொருவர், "நாங்கள் பிறந்ததிலிருந்து குடிக்கிறோம், எங்களுக்கு என்ன வந்துவிட்டது?" என்றார். அது ஓய்கிற வரையில் மாப்பிள்ளை தினம் சாயங்காலம் நண்பர் ஒருவருடைய புதுக் கட்டடத்திலிருந்து இரண்டு கேன் தண்ணீர் தூக்கி வந்தார். படியேறும்போது அவர் மூச்சு வாங்குவதைக் கேட்டால், 2019-ல் சென்னை ஏரிகள் வறண்டபோது லாரிக்குக் காத்திருந்து நான் குடம் தூக்கியது ஞாபகம் வந்தது. மற்ற உபயோகத்துக்குக் காலையில் முதல் தண்ணீரைச் சில நிமிஷம் ஓட விட்டுப் பிறகுதான் பிடிப்போம். சுடுதண்ணீர்க் குழாயிலிருந்து குடிக்கவோ சமைக்கவோ எடுப்பதில்லை. சூடான தண்ணீர் இன்னும் அதிகமாக அரிக்கும். லண்டனிலிருந்து கொண்டு வந்த ரஸச் சொம்பையும் நான் எடுத்து ஒதுக்கிவிட்டேன். நான் சீதனமாகக் கொடுத்ததுதான். ஆனால் வெள்ளீயத்தில் காரீயம் கலந்து விற்கிறவர்களும் உண்டு என்கிறார்களே, வாங்கும்போது நான் எங்கே சோதித்தேன்?

நான் ஊருக்குத் திரும்பி ஆறு வாரம் கழித்துப் பத்மா டெலிபோன் செய்தாள். எட்டுப் பேரும் கடைசியில் கையெழுத்துப் போட்டு, புதுக் குழாய் போட்டாகிவிட்டதாம். நீல நிறப் பிளாஸ்டிக் குழாய். மறுபடி சோதித்ததில் ஒன்றுக்கும் குறைவு. குழாய்க்காரர் வெட்டியெடுத்த பழைய குழாய்த் துண்டைத் தூக்கிப் பார்த்தாளாம். ஒரு சாண் நீளந்தான், அம்மிக் குழவி கனம் கனத்ததாம்.

"குழந்தை என்ன பண்றான்?" என்றேன்.

"நிற்க ஆரம்பிச்சுட்டான். அம்மா, அந்த லண்டன் கெட்டில் இருக்கே, அதில் மூலையில் ஒட்டின வெள்ளை இன்னும் போகலை. தேய்க்கட்டுமா வேண்டாமா?"

"தேய்த்துவிடு," என்றேன். "புளி மட்டும் போடாதே."

டெலிபோனை வைத்துவிட்டு எங்கள் வீட்டுக் குளியலறைக்குப் போனேன். ஒரு மாதமாகக் கீஸர் கொதிக்கும்போது உள்ளே கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. "பழசாகிவிட்டது, புதுசு வாங்கிவிடலாம்," என்று என் வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். மயிலாப்பூர் ஆழ்குழாய்த் தண்ணீர் ஆயிற்றே! வேண்டாம், முதலில் காயிலைக் கழற்றிப் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டேன். ஆள் நாளைக் காலையில் வருகிறார்.